பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி: மூன்று வருடத்தை எந்த வரிசையில் திட்டமிடுவது

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர்ந்த அன்று அட்மிஷன் மேசையில் இருந்தவர் தலையைத் தூக்காமலே ஒரு கேள்வி கேட்டார்: "அலைடு மேத்ஸா, ஜுவாலஜியா?" அலைடு என்றால் மேஜரோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடம். எனக்குப் பின்னால் பெரிய வரிசை. பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ் குரூப் படித்தவன் நான். கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்கும். "ஜுவாலஜி சார்" என்றேன். ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. இரண்டரை வருடம் கழித்து ஐஐடி எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கான தகுதிப் பட்டியலை உட்கார்ந்து படித்தபோதுதான் அந்த ஐந்து விநாடியின் விலை தெரிந்தது. பிளஸ் டூவிலும் கணிதம் இல்லை, பட்டத்திலும் இல்லை. கணிதம் கேட்கும் இடங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம் வேறு வழியில் எம்.எஸ்ஸி. முடித்து, சில வருடங்களாக எங்கள் பக்கத்து மாணவர்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் பார்த்தவரை பாடம் கடினம் என்பதால் தடுமாறியவர்கள் குறைவு. முடிவெடுக்கும் வரிசை தவறியதால் தடுமாறியவர்கள்தான் நிறைய. முதலில் கல்லூரி, பிறகு பாடம், "இதைப் படித்து என்ன செய்வது" என்பது மூன்றாம் ஆண்டில். இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் போட வேண்டும். கீழே உள்ளது தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களின் கீழ் வரும் மூன்றாண்டு பட்டப்படிப்பை மனதில் வைத்து எழுதியது.

1. முதலில் வெளியேறும் வாசலைத் தேர்ந்தெடுங்கள்

பட்டம் முடித்தபின் நான்கு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, எம்.எஸ்ஸி.யும் அதன்பின் ஆராய்ச்சியும். இரண்டு, பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியர் வேலை. மூன்று, மருந்து, சாயம், உரம், பெயிண்ட் தொழிற்சாலைகளில் கியூ.சி. (தரக் கட்டுப்பாடு) வேலை. நான்கு, "ஏதாவது ஒரு டிகிரி" போதும் என்று கேட்கும் டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகள்.

பதினேழு வயதில் இதை முடிவு செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, உண்மைதான். எந்த வாசல் நிச்சயம் வேண்டாம் என்று சொல்வது மட்டும் முடியும். அதுவே போதும். மற்ற வாசல்கள் மூடிக்கொள்ளாதபடி பாடங்களை எடுத்தால் சரி.

நான்காவது வாசல் மட்டுமே குறி என்றால் இந்தப் படிப்பு தேவையா என்று ஒரு தரம் யோசியுங்கள். வாரத்தில் பல மணி நேரம் லேப், ரெக்கார்டு நோட்டு, வைவா எல்லாம் இதில் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்க நேரம் தரும் பட்டங்கள் வேறு இருக்கின்றன.

ஆராய்ச்சிதான் என்று இப்போதே தெளிவாக இருப்பவர்கள் பிளஸ் டூ படிக்கும்போதே மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களின் ஐஏடி நுழைவுத் தேர்வையும், அதே போன்ற நைசருக்கான நெஸ்ட் தேர்வையும் எழுதிப் பாருங்கள். ஐசரில் ஐந்து வருடத்தில் பி.எஸ்.-எம்.எஸ். பட்டம், நமக்குப் பக்கத்தில் திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன. பியூர் சயின்ஸ் குரூப் மாணவர்களும் ஐஏடி எழுதலாம். அதில் கணிதக் கேள்விகளும் வரும் என்பதை மறக்காதீர்கள்.

2. கெமிஸ்ட்ரியும் பயோகெமிஸ்ட்ரியும் எங்கே பிரிகின்றன

பெயர் ஒட்டியிருப்பதால் "ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே" என்று நினைப்பவர்கள் அதிகம். முதல் வருடத்தில் அப்படித்தான் தெரியும். அதன்பிறகு தண்டவாளம் பிரிந்துவிடுகிறது.

கெமிஸ்ட்ரியில் கனிம, கரிம, இயற்பிய வேதியியல் என்று மூன்று தூண்கள், கூடப் பகுப்பாய்வு. பயோகெமிஸ்ட்ரியில் கார்போஹைட்ரேட், புரதம், நொதி, வளர்சிதை மாற்றம், மூலக்கூறு உயிரியல், நோயெதிர்ப்பியல், மருத்துவ உயிர்வேதியியல். கரிம வேதியியல் இங்கும் வரும். ஆனால் மூலக்கூறு எப்படி உருவாகிறது என்பதைவிட உடலுக்குள் அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வியாக இருக்கும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் பின்னால் வரும் தேர்வுகளில். ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் கெமிஸ்ட்ரி ஆட்கள் "வேதி அறிவியல்" தாள் எழுதுவார்கள். பயோகெமிஸ்ட்ரி ஆட்கள் "உயிர் அறிவியல்" தாள் எழுதுவார்கள். ஐஐடி எம்.எஸ்ஸி.க்கான ஜாம் தேர்விலும் கெமிஸ்ட்ரி தாள் வேறு, பயோடெக்னாலஜி தாள் வேறு. பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் பிறகு ஐஐடியில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்குத் தாவலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பட்டத்தில் குறைந்தது நான்கு செமஸ்டர் வேதியியல் கேட்கும் இடங்கள் உண்டு. பல கல்லூரிகளில் பயோகெமிஸ்ட்ரிக்கு அலைடு கெமிஸ்ட்ரி ஒரே வருடம்தான்.

இங்கே இரண்டு தப்பெண்ணங்கள் அடிக்கடி வரும்.

முதலாவது: பயோகெமிஸ்ட்ரி முடித்தால் அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் ஆகலாம் என்பது. அந்த வேலைக்குக் கேட்பது மெடிக்கல் லேப் டெக்னாலஜி படிப்பு. அது தனிப் படிப்பு. தனியார் லேப்களில் பயோகெமிஸ்ட்ரி பட்டதாரிகளை எடுக்கிறார்கள்தான். அதை வைத்து அரசு வேலைக்கும் அது பொருந்தும் என்று முடிவு கட்ட முடியாது.

இரண்டாவது: "பயோகெமிஸ்ட்ரியும் கெமிஸ்ட்ரிதானே, டீச்சர் ஆகலாம்" என்பது. பி.எட். சீட் கிடைப்பது ஒன்று. அரசுப் பள்ளி வேதியியல் ஆசிரியர் பணிக்கு அந்தப் பட்டத்தை இணையாக ஏற்பது வேறொன்று. எந்தப் பட்டம் எதற்கு இணை என்று உயர்கல்வித் துறை அரசாணைகள் போடுகிறது. அப்ளைடு கெமிஸ்ட்ரி, இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி என்று பெயரில் ஒரு சொல் கூடுதலாக இருந்தாலும் இதே சிக்கல்தான். ஆசிரியர் வேலை குறி என்றால் அரசாணையைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சேருங்கள். அதற்குப் பொறுமை இல்லையா, கலப்பில்லாத பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியே எடுத்துவிடுங்கள்.

எந்தப் பாடம் பிடிக்கும் என்றே தெரியவில்லையா? பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் வேதிவினை வேகவியல் பாடத்தையும் உயிரியல் மூலக்கூறுகள் பாடத்தையும் அடுத்தடுத்த நாளில் படியுங்கள். எந்தப் பாடத்தில் மொபைலை எடுக்காமல் அதிக நேரம் உட்கார்ந்தீர்களோ, அந்தப் பக்கம் போங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை இல்லை.

3. விண்ணப்பத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வரும். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும் தனியாருக்கும் தனித்தனி. இரண்டும் ஒரே வாரங்களில் ஓடும் என்பதால் சாதி, வருமான, இருப்பிடச் சான்றிதழ்களை ஏப்ரலிலேயே இ-சேவை மூலம் வாங்கிவிடுங்கள். ரிசல்ட் வந்தபின் கூட்டம் தாங்காது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்கள் அதற்கான சான்றையும் பள்ளியிலேயே வாங்குங்கள். மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ரெக்கார்டு நோட்டு, லேப் கோட், பஸ் செலவு ஓரளவு இதிலேயே கட்டிவரும்.

அரசு உதவி பெறும் கல்லூரியில் ஒரே பாடம் உதவிப் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டாக இருக்கலாம். ஷிப்ட் ஒன்று, ஷிப்ட் இரண்டு என்பார்கள். பட்டம் ஒன்றே, கட்டணம் வேறு. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவுக்கு டிக் போடுகிறீர்கள் என்று பார்த்துப் போடுங்கள்.

4. கல்லூரியைப் பார்க்கப் போனால் லேபைப் பாருங்கள்

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு கொடுத்த கிரேடு கேட்டில் பெரிதாக எழுதியிருக்கும். அது மொத்தக் கல்லூரிக்குமான மதிப்பெண். உங்கள் துறையில் எத்தனை பேருக்கு எத்தனை பியூரெட் என்பதை அது சொல்லாது.

அட்மிஷனுக்கு முன் ஒரு வேலை நாளில் போய், லேப் நேரத்தில் கதவோரம் நின்று பாருங்கள். ஒரு டைட்ரேஷனை ஒருவர் தனியாகச் செய்கிறாரா, மூன்று பேர் சேர்ந்தா? மூன்று பேர் என்றால் ஒருவர் செய்வார், ஒருவர் எழுதுவார், ஒருவர் ஜன்னலைப் பார்ப்பார். மூன்று வருடமும் அந்த மூன்றாம் ஆள் மூன்றாம் ஆளாகவே இருந்துவிடுவார். எக்சாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா, நச்சுப்புகையை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட் இருக்கிறதா, அதற்குள் பழைய பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை.

அடுத்து, துறையில் எம்.எஸ்ஸி.யும் பி.எச்டி.யும் நடக்கிறதா என்று கேளுங்கள். யுஜி மாணவருக்கு இதனால் என்ன? ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் போன்ற கருவிகள் அங்கேதான் வேலை செய்யும் நிலையில் இருக்கும். பி.எச்டி. அண்ணன் அக்கா யாராவது கற்றுக்கொடுக்கவும் செய்வார்கள். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் காலேஜ் திட்டத்தில் நிதி வாங்கிய துறை என்றால் இளநிலை லேபுக்கென்றே பணம் வந்திருக்கிறது என்று பொருள், நல்ல அடையாளம்.

தன்னாட்சிக் கல்லூரியா, பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரியா என்பதும் முக்கியம். தன்னாட்சியில் வினாத்தாளும் ரிசல்ட்டும் கல்லூரியின் கையில், எனவே மார்க் ஷீட் பெரும்பாலும் சீக்கிரம் வரும். எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கு இறுதி மதிப்பெண் பட்டியலைக் கேட்கும் நாளில் இதன் அருமை தெரியும். இணைவுக் கல்லூரியில் படித்து, ரிசல்ட் தாமதமாகி, கிடைத்த சீட்டை இழந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

இந்தக் கேள்விகளைத் துறைத் தலைவரிடம் (ஹெச்.ஓ.டி.) கேட்காதீர்கள். அவர் நல்லதைத்தான் சொல்வார். கேண்டீனில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

5. அலைடு பாடம்: ஐந்து விநாடியில் முடிவு செய்யாதீர்கள்

நம் பட்டத்தின் அமைப்பு இது. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் மேஜரும் அலைடும், பகுதி நான்கில் திறன் சார்ந்த சின்னச் சின்னத் தாள்கள், பகுதி ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்றவை. இதில் தேர்வு உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அலைடில்தான். அதையும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்.

கெமிஸ்ட்ரி மேஜருக்குப் பொதுவாக இயற்பியலும் கணிதமும் அலைடு. சில கல்லூரிகள் கணிதத்துக்குப் பதிலாகத் தாவரவியல், விலங்கியல் தரும். இரண்டும் இருந்தால் கணிதத்தை எடுங்கள். பிளஸ் டூவில் கணிதம் இல்லாதவர்கள் கட்டாயம் எடுங்கள்.

காரணம் இரண்டு. ஒன்று நான் மேலே சொன்ன தகுதி விதி: எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்குப் பல ஐஐடிகள் பிளஸ் டூ அளவிலோ பட்டத்திலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்கின்றன. இரண்டாவது, பாடமே கணிதத்தைக் கேட்கும். முதல் வகை வினைக்கான சமன்பாட்டைத் தருவிக்கத் தொகையிடல் வேண்டும். வெப்ப இயக்கவியலில் மேக்ஸ்வெல் தொடர்புகளுக்குப் பகுதி வகையிடல். பெட்டிக்குள் துகள் என்ற குவாண்டம் பாடத்துக்கு வகைக்கெழுச் சமன்பாடு. இவை தெரியாதவர் மூன்றாம் ஆண்டில் தருவிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். நானும் செய்தேன். தேர்வில் ஒரு வரி மறந்தால் அதற்கு அடுத்த வரி எதுவும் வராது.

ஜுவாலஜி அலைடு எடுத்தால் முதல் வருட மார்க் எளிதாக ஏறும் என்று சீனியர்கள் சொல்வார்கள். ஏறலாம். மூன்றாம் வருடத்தில் இயற்பிய வேதியியலில் அது இறங்கிவிடும்.

ஆசிரியர் வாசலை வைத்திருப்பவர்களுக்கு இயற்பியல் அலைடு முக்கியம். பி.எட்.டில் இயற்பியல் அறிவியல் என்ற பிரிவில் இரண்டு பாடத்தையும் கற்பிக்க வேண்டியிருப்பதால், கெமிஸ்ட்ரி மேஜரில் இயற்பியல் துணைப்பாடமாக இருந்ததா என்று பார்ப்பார்கள்.

பயோகெமிஸ்ட்ரி ஆட்களுக்கு முதல் வருடம் அலைடு கெமிஸ்ட்ரி. அடுத்த வருடம் நுண்ணுயிரியல், உயிர்ப் புள்ளியியல், கணினி என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். புள்ளியியல் கிடைத்தால் விடாதீர்கள். எந்த ஆய்வு முடிவையும் அது இல்லாமல் எழுத முடியாது. ஜாம் பயோடெக்னாலஜி தாளிலும் உயிரியலோடு பிளஸ் டூ அளவு வேதியியல், இயற்பியல், கணிதக் கேள்விகள் வரும். கணிதத்தைப் பார்த்து ஓடி பயோகெமிஸ்ட்ரிக்கு வந்தவர்களை அது அங்கே காத்திருந்து பிடிக்கும்.

6. கல்லூரி திறக்கும் முன் உள்ள வாரங்கள்

புதுப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்நாட்டுப் பாடநூல்களே போதும். மோல் கணக்கு, மோலாரிட்டி, நார்மாலிட்டி, ஆக்சிஜனேற்ற எண், அணு அமைப்பு, கரிமச் சேர்மங்களின் பெயரிடும் முறை. இவை ஐந்தாறும் கை வந்தால் முதல் செமஸ்டர் பாதி முடிந்த மாதிரி.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: வினைவேக மாற்றி என்றால் கேட்டலிஸ்ட், ஒடுக்கம் என்றால் ரிடக்‌ஷன், நொதி என்றால் என்சைம், தரம் பார்த்தல் என்றால் டைட்ரேஷன். இருநூறு சொற்கள் இருந்தால் போதும். முதல் மாதம் வகுப்பில் புரியாமல் போவது பெரும்பாலும் பெயர்தான். விஷயம் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். இது தெரியாமல் "எனக்குக் கெமிஸ்ட்ரி வராது" என்று ஆகஸ்டிலேயே டி.சி. வாங்கிப் போனவர்கள் உண்டு.

மடக்கை அட்டவணை பார்ப்பதைப் பழகுங்கள். சில கல்லூரிகளில் லேபில் கால்குலேட்டரை இன்னும் விடமாட்டார்கள்.

7. முதல் வருடம்: கையைப் பழக்குங்கள்

தியரியை மூன்றாம் வருடத்தில்கூடப் பிடித்துவிடலாம். லேப் கையை அப்படிப் பிடிக்க முடியாது. செய்முறைத் தேர்வில் உங்கள் மதிப்புக்கும் உண்மையான மதிப்புக்கும் எத்தனை சதவீதம் வித்தியாசமோ அதற்கேற்ப மார்க் போடுவார்கள். விளக்கம் சொல்லித் தப்பிக்க வழி இல்லை.

பர்மாங்கனேட் டைட்ரேஷனையே பாருங்கள். கோனிக்கல் பிளாஸ்க்கில் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலம், கூட நீர்த்த சல்பியூரிக் அமிலம், கை பொறுக்காத அளவுக்குச் சூடு. பியூரெட்டிலிருந்து முதல் துளி விழுந்ததும் இளஞ்சிவப்பு நிறம் போகாமல் நிற்கும். புதியவர் அங்கேயே "எண்ட் பாயிண்ட் வந்துடுச்சு சார்" என்று நிறுத்துவார். கொஞ்சம் சுழற்றிக்கொண்டே காத்திருந்தால் நிறம் மறையும். அடுத்த துளிகள் சட்டென மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்துவதால் முதல் துளிக்கு மட்டும்தான் இந்தத் தயக்கம்.

பிளாஸ்க்கில் பழுப்புக் கலங்கல் வந்தால் அமிலம் போதவில்லை, மாங்கனீசு டையாக்சைடு உண்டாகிறது என்று பொருள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பர்மாங்கனேட் அதன் குளோரைடையும் சேர்த்துத் தின்றுவிடும். அளவு கூடிக் காட்டும். கரைசல் அடர்நிறம் என்பதால் பியூரெட்டில் கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரே மாதிரி படித்தால் பிழை இல்லை.

நான் பார்த்த தவறுகளில் முதலிடம் வேறொன்றுக்கு: பியூரெட்டை நிரப்பிவிட்டுப் புனலை எடுக்க மறப்பது. நன்றாகச் செய்யும் மாணவி ஒருவர் தேர்வு நாளில் மூன்று தடவை செய்தும் ஒத்த அளவு வரவில்லை என்று அழும் நிலைக்கு வந்துவிட்டார். புனலின் காம்பிலிருந்து ஒவ்வொரு துளியாகப் பியூரெட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த இடம், கோனிக்கல் பிளாஸ்க்கை அதில் எடுக்கப்போகும் கரைசலாலேயே கழுவுவது. பியூரெட்டையும் பிப்பெட்டையும் அப்படிக் கழுவலாம். பிளாஸ்க்கை வாலை வடிநீரால் மட்டும். மூன்றாவது, பிப்பெட் முனையில் நிற்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளுவது. அந்தத் துளி நிற்பதாக வைத்துத்தான் 20 மி.லி. என்று கோடு போட்டிருக்கிறார்கள்.

பயோகெமிஸ்ட்ரியில் இதே இடம், கரைசலின் நிற அடர்வை அளக்கும் கலரிமீட்டருக்கு. புரத அளவை பையூரெட் முறையில் 540 நானோமீட்டரில் படிப்பீர்கள். பிளாங்க் குழாய் (புரதம் மட்டும் சேர்க்காத குழாய்) வைக்காமல் கருவியைப் பூஜ்யமாக்கினால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு தள்ளிப்போகும். இன்னொன்று: தெரியாத மாதிரியின் அளவீடு ஸ்டாண்டர்டு வரைபடத்தின் கடைசிப் புள்ளிக்கு மேலே போனால் கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டக் கூடாது. மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி படித்து, நீர்த்த மடங்கால் பெருக்குங்கள். கோடு அதற்கு மேல் நேராகப் போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அப்சர்வேஷன் நோட்டில் அளவுகளைப் பேனாவால் அங்கேயே எழுதுங்கள். பென்சிலில் எழுதி வீட்டில் "சரிசெய்யும்" பழக்கம் முதல் வருடத்தில் தொற்றினால் எம்.எஸ்ஸி. வரை உங்களை விடாது.

8. இரண்டாம் வருடம்: அரியரும் கோடையும்

இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75 என்பது பரவலான பங்கீடு. தேர்ச்சிக்கு 40. மொத்தத்தில் 40 வந்தாலும் எக்ஸ்டர்னலில் தனியாகக் குறைந்தபட்சம் கேட்கும் இடங்களே அதிகம். "இன்டர்னல்ல இருபத்திரண்டு இருக்கு, பார்த்துக்கலாம்" என்று போனவர்களுக்கு அரியர் விழுவது அங்கேதான்.

அரியர் பெரும்பாலும் மேஜரில் விழாது. அலைடு கணிதத்திலும் ஆங்கிலத்திலும் விழும். இரண்டாம் வருடத்துக்குள் அதை முடித்தாக வேண்டும். மூன்றாம் வருடத்தில் நுழைவுத் தேர்வுப் படிப்பும் புராஜெக்ட்டும் இருக்கும்போது முதல் செமஸ்டர் அரியரைச் சுமப்பது பெரும் பாரம்.

இரண்டாம் வருடக் கோடையை இப்போதே திட்டமிடுங்கள். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தில் இரண்டு மாதம் நாட்டின் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் வேலை செய்யலாம். விண்ணப்பம் கோடையில் இருக்காது. முந்தின ஆண்டு நவம்பர் வாக்கிலேயே முடிந்துவிடும். ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டும். மே மாதம் வந்து கேட்பவர்களுக்கு அடுத்த வருடம்தான்.

அது கிடைக்காவிட்டால் சொந்தமாக எழுதிக் கேளுங்கள். சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், பல்கலைக்கழகத் துறைகள் எல்லாம் நம் ஊரிலேயே இருக்கின்றன. ஒரே கடிதத்தை நாற்பது பேராசிரியர்களுக்கு அனுப்பினால் நாற்பது பேரும் படிக்கமாட்டார்கள். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் என்ன ஆய்வு செய்கிறார்கள் என்று படித்து, அதைப் பற்றி இரண்டு வரியும் உங்களுக்குச் செய்யத் தெரிந்தது என்ன என்று இரண்டு வரியும் எழுதுங்கள்.

தொழிற்சாலை வாசல் வைத்திருப்பவர்கள் இதே கோடையில் மணலி, ராணிப்பேட்டை, கடலூர், தூத்துக்குடி பக்கம் உள்ள ஆலைகளில் இரண்டு வாரம் பயிற்சி கேட்கலாம். கல்லூரியிலிருந்து போனஃபைடு சான்றிதழும் கடிதமும் வேண்டும். நேர்காணலில் "ஹெச்.பி.எல்.சி. தெரியுமா" என்று கேட்பார்கள். கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி அது. தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்று சொல்பவருக்கும் படத்தில் பார்த்தேன் என்பவருக்கும் வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

9. மூன்றாம் வருடம்: காலண்டர் பாடத்திட்டத்துக்கு முன்னால் ஓடும்

ஜாம் விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில்; தேர்வு பிப்ரவரியில். ஆறாவது செமஸ்டர் முடிவதோ ஏப்ரல், மே. அதாவது ஆறாவது செமஸ்டரில் நடத்தப்போகும் தாள்களின் பாடங்களையும் நடத்துவதற்கு முன்பே உங்களிடம் கேட்டுவிடுவார்கள். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். நம் பாடத்திட்டங்களில் நிறமாலையியல் மூன்றாம் வருடத்துக்குத் தள்ளப்பட்டிருப்பது வழக்கம்.

எனவே இரண்டாம் வருடக் கோடையிலேயே ஜாம் பாடத்திட்டத்தை அச்செடுத்து, உங்கள் கல்லூரிப் பாடத்திட்டத்தின் பக்கத்தில் வைத்து, எது எந்த செமஸ்டரில் வருகிறது என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதுங்கள். ஆறு என்று விழுந்தவற்றையும், எதுவுமே விழாதவற்றையும் நீங்களாகப் படிக்க வேண்டும். ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணைய வகுப்புகள் இலவசம். அவற்றுக்கு இதைவிட நல்ல பயன் இல்லை.

தேர்வு மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஒரு விடை தேர்வுக் கேள்விகள் 30, ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கக்கூடியவை 10, எண்ணாக விடை எழுதுபவை 20. முதல் வகையில் மட்டும் தவறுக்குக் கழிப்பார்கள். எண் விடைக் கேள்விகளைத்தான் நம் மாணவர்கள் பயந்து விட்டுவிடுகிறார்கள். கழிப்பில்லாத இடத்தில் காலியாக விடுவதில் என்ன லாபம்?

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு, திருவாரூர், புதுச்சேரி உட்பட, க்யூட் பி.ஜி. தேர்வு தனி. சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் தனி விண்ணப்பம். ஜாம் ஒன்றை மட்டும் நம்பி மற்றவற்றின் தேதியைத் தவறவிடாதீர்கள்.

10. புராஜெக்ட்டை விலைக்கு வாங்காதீர்கள்

ஐந்தாவது அல்லது ஆறாவது செமஸ்டரில் புராஜெக்ட் வரும். பணம் கட்டினால் வேலையைச் செய்து பைண்டிங்கும் போட்டுத் தரும் இடங்கள் நகரங்களில் உண்டு. மூலிகைச் சாறு எடுத்து நுண்ணுயிர்க் கொல்லித் தன்மை பார்க்கும் ஒரே புராஜெக்ட் இலையின் பெயர் மட்டும் மாறிப் பல கல்லூரிகளில் சுற்றுகிறது.

எம்.எஸ்ஸி. நேர்காணலில் புராஜெக்ட்டைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். "எத்தனாலில் ஏன் எடுத்தீர்கள், ஹெக்சேனில் எடுத்தால் என்ன ஆகும்?" என்ற ஒரு கேள்வி போதும். அதைவிட உங்கள் ஊர் ஐந்து கிணறுகளின் நீரில் மொத்தக் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷனால் மாதம் ஒரு முறை பார்த்து, மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். கருவி எதுவும் வேண்டாம். எந்தக் கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்கும், ஏனென்றால் வாளியைத் தூக்கியது நீங்கள்.

11. காகிதங்கள்

மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் ஐஐடிக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் போதாது. அங்கே ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ், மத்திய அரசுப் படிவத்தில், அவர்கள் குறிப்பிடும் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். பிளஸ் டூவில் வாங்கிய அட்டையைப் பதிவேற்றிவிட்டுப் பொதுப் பிரிவில் தள்ளப்பட்டவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. மூன்றாம் வருடம் தொடங்கியதும் தாலுகா அலுவலக வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கடைசியாகப் பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, கல்லூரிப் பதிவில் இனிஷியல் முன்னால் என்று மூன்று விதமாக இருந்தால் எல்லாச் சரிபார்ப்பிலும் உங்களை ஓரமாக நிறுத்துவார்கள். முதல் செமஸ்டர் தேர்வுப் பதிவின்போது பெயர் சரிபார்க்கச் சொல்லி ஒரு தாள் வரும். எல்லோரும் கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். நீங்கள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பக்கத்தில் வைத்து, புள்ளி உட்பட எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.